அரை மணி நேர வெயிலும் ஒரு பாக்கெட் காளானும்

அஸ்தினாபுரத்தில் காய்கறி வாங்குகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். கொஞ்ச வருஷம் முன்னால் வரைக்கும் இங்கே காளான் என்றால் பட்டன் காளான்தான். கடைக்காரர் ஃப்ரிட்ஜில் தயிர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். இப்போது ராஜேந்திர பிரசாத் சாலைக் கடைகளிலேயே பால் காளானும் சிப்பிக் காளானும் வருகின்றன. ஓட்டை போட்ட பாலிதீன் கவர், உள்பக்கம் லேசாக வேர்த்திருக்கும், மேலே ஊர்ப் பெயரோடு ஒரு சின்ன ஸ்டிக்கர். எனக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

காளான் கடைக்கு வந்த அதே வேகத்தில் காளான் பவுடரும் வீட்டுக்கு வந்துவிட்டது. காப்ஸ்யூல், காபித் தூள், சொட்டு மருந்து என்று பல ரூபத்தில் வருகிறது. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டிக் கேட்டாள். "அக்கா, இது சுகருக்கும் நல்லதாம், கேன்சருக்கும் நல்லதாம், ஞாபக மறதிக்கும் நல்லதாம். மாமனாருக்கு வாங்கலாமானு பாக்கறேன். நீங்கதான் இதெல்லாம் படிப்பீங்களே, சொல்லுங்க." டப்பாவின் விலையைப் பார்த்தேன். அவர்கள் வீட்டு ஒரு மாத மளிகையில் பாதி. வாசலில் நின்று இரண்டு வரியில் பதில் சொல்லும் விஷயமாக இது தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். காளானில் கறிக்குச் சமமான புரதம் இருக்கிறது என்று சொல்லித்தான் சைவ வீடுகளில் விற்கிறார்கள். நூறு கிராம் பச்சைக் காளானில் ஏறக்குறைய 90 கிராம் தண்ணீர். புரதம் சுமார் 3 கிராம். இருநூறு கிராம் பாக்கெட் முழுவதையும் ஒருவரே சாப்பிட்டால் ஒரு முட்டையின் புரதம் கிடைக்கும், அவ்வளவுதான். காய வைத்த காளானின் கணக்கை எடுத்துப் பச்சைக் காளான் மேல் ஒட்டுவதால் வரும் குழப்பம் இது. பி12 வைட்டமினுக்கும் காளானை நம்பி உட்கார முடியாது. பொட்டாசியம், செம்பு, செலீனியம், நியாசின் எல்லாம் நல்ல அளவில் இருக்கின்றன, சரி. ஆனால் காளானின் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மற்ற காய்கறியில் கிடைக்காத, அல்லது மிகக் குறைவாகவே கிடைக்கிற சில பொருட்கள் அதற்குள் இருக்கின்றன. அவற்றில் எது நம் உடம்பில் வேலை செய்கிறது என்பதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன், கடையில் பால் காளானைப் பார்த்தால் எனக்கு ஏன் சந்தோஷம் என்று சொன்னேனே, அது.

காளான் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் 1943லேயே கோயம்புத்தூரில் கே.எம். தாமஸும் அவரோடு இருந்தவர்களும் வைக்கோலில் காளான் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். சிப்பிக் காளானை மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜக்கியா பானோவும் ஸ்ரீவத்ஸவாவும் 1962இல் வளர்த்தார்கள். பால் காளான் முழுக்க முழுக்க நம் நாட்டுக் காளான். 1974இல் மேற்கு வங்கத்தில் புர்காயஸ்தாவும் சந்திராவும் அதை அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். அதற்கப்புறம் அதைக் குடிசைத் தொழிலாக மாற்றியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1998இல் வெளியான ஏ.பி.கே 2 என்ற ரகத்தின் பெயரில் இருப்பது அருப்புக்கோட்டை. பட்டன் காளானுக்கு ஊட்டிக் குளிர் வேண்டும், இல்லையென்றால் ஏசி ரூம் வேண்டும். பால் காளான் முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெயிலில் ஜம்மென்று வரும். சித்திரை மாதத்துத் தாம்பரத்துக்கு ஏற்ற காளான் இதைவிட வேறு கிடையாது.

இனி உள்ளே இருப்பதைப் பார்ப்போம்.

காளானைக் கையால் கிழித்துப் பாருங்கள், நார் நாராக வரும். அந்த நாரின் சுவர் இரண்டு பொருட்களால் ஆனது. ஒன்று கைட்டின், இறால் ஓட்டில் இருக்கும் அதே வகைப் பொருள். இன்னொன்று பீட்டா குளுக்கான் என்கிற நார்ச்சத்து. ஓட்ஸிலும் பீட்டா குளுக்கான் உண்டு, கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று ஓட்ஸ் டப்பாவில் போட்டிருப்பார்கள். ஆனால் ஓட்ஸில் இருப்பதன் அமைப்பு வேறு, காளானில் இருப்பதன் அமைப்பு வேறு. காளானுடையது நம் நோய் எதிர்ப்பு அணுக்களின் கவனத்தை இழுக்கும் வகை.

இதற்குக் காரணம் எளிமையானது. பூஞ்சைகள் நம் உடம்புக்குப் பழைய எதிரிகள். பூஞ்சை உள்ளே நுழைந்தால் கண்டுபிடிக்க நம் வெள்ளை அணுக்களின் மேல் ஒரு ஏற்பி இருக்கிறது. டெக்டின் 1 என்று பெயர். அது பிடித்துக்கொள்வது பீட்டா குளுக்கானைத்தான் என்று 2001இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் காட்டினார்கள். நாம் சமைத்துத் தின்னும் காளானும் ஒரு பூஞ்சைதானே. அதன் சுவர்த் துண்டுகள் குடலைக் கடந்து போகும்போது அங்கே இருக்கும் அணுக்கள் அதைத் தொட்டுப் பார்க்கின்றன. பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்துவதைப் போல, ஆபத்து இல்லாமலேயே ஒரு பயிற்சி நடந்து முடிகிறது.

ஆய்வுக்கூடத்துத் தட்டில் இது அழகாக நடக்கும். மனிதர்கள் காளானைச் சாப்பிட்டால் நடக்குமா? ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 52 பேருக்கு நான்கு வாரம் தினமும் 5 கிராம் அல்லது 10 கிராம் காய்ந்த ஷிடாகே காளானைச் சமைத்துக் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. சில வகை நோய் எதிர்ப்பு அணுக்கள் சுறுசுறுப்பாகியிருந்தன, உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஆய்வில் ஒரு பிரிவினர் ஒரு வாரம் தினமும் நூறு கிராம் வேக வைத்த பட்டன் காளான் சாப்பிட்டார்கள். எச்சிலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்று அவர்களுக்குக் கூடியிருந்தது. இரண்டுமே நல்ல செய்தி. ஆனால் கவனியுங்கள், ரத்தத்திலும் எச்சிலிலும் அளவுகள் மாறியதைத்தான் பார்த்திருக்கிறார்கள். சளி, காய்ச்சல் குறைந்ததா, ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்ததா என்பது வேறு கேள்வி. பவுடர் விற்பவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வார். நாம் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

அடுத்தது எர்கோதயோனின். இந்தப் பதிவில் உங்களுக்கு ஒரே ஒரு பெயர் நினைவில் நின்றால் போதும் என்றால் இந்தப் பெயர் நிற்கட்டும்.

1909இல் சார்ல்ஸ் டான்ரே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தானியத்தைத் தாக்கும் எர்காட் பூஞ்சையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அப்புறம் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இது ஒரு அமினோ அமிலம். நம் உடம்பால் இதை உண்டாக்க முடியாது, செடிகளாலும் முடியாது. பூஞ்சைகளும் சில நுண்ணுயிர்களும்தான் உண்டாக்கும். மண்ணிலிருக்கும் பூஞ்சை உண்டாக்குவதை வேர் உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சம் தானியத்திலும் பருப்பிலும் சேர்கிறது. நேரடியாக, நிறையக் கிடைப்பது காளானில்தான்.

2005இல்தான் விஷயம் சூடுபிடித்தது. ஜெர்மனியில் க்ருண்டமன் குழுவினர் நம் உடம்பில் எர்கோதயோனினை மட்டும் தேடிப் பிடித்து அணுக்களுக்குள் கொண்டுபோகும் ஒரு கடத்திப் புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யோசித்துப் பாருங்கள். தானே உண்டாக்க முடியாத ஒரு பொருளுக்காக உடம்பு தனியாக ஒரு வாசல் வைத்திருக்கிறது. ரத்தச் சிவப்பணு, கல்லீரல், சிறுநீரகம், கண் என்று ஆக்சிஜனால் அதிகம் அடிபடும் இடங்களில் இதைச் சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ், நீண்ட ஆயுளுக்கான வைட்டமின்கள் என்று ஒரு பட்டியலை 2018இல் முன்வைத்தபோது இதையும் சேர்த்தார். அது அவருடைய கருத்து, இன்னும் அதிகாரபூர்வமாக இது வைட்டமின் ஆகவில்லை.

நமக்கு நெருக்கமான ஊரில் இதைப் பற்றி ஆர்வமாக ஆராய்கிறார்கள், சிங்கப்பூரில். தேசியப் பல்கலைக்கழகத்தில் ஃபெங் லேய் தலைமையில் 60 வயதைத் தாண்டிய 663 சீனர்களை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு எவ்வளவு காளான் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் சோதித்தார்கள். வாரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல், அதாவது ஏறக்குறைய முந்நூறு கிராம் சாப்பிட்டவர்களுக்கு, லேசான அறிவுத்திறன் குறைவு இருக்கும் வாய்ப்பு பாதியாக இருந்தது. 2019இல் வெளியான முடிவு. அவர்கள் சாப்பிட்டது அபூர்வக் காளான் எதுவும் இல்லை. சிப்பி, ஷிடாகே, வெள்ளை பட்டன், டப்பாக் காளான் வரைக்கும் கணக்கில் உண்டு. ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் 3,236 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பொருட்களை அளந்ததில், ஆரோக்கியமான உணவுப் பழக்கத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து நின்றது எர்கோதயோனின்தான்; அது அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவாக இருந்தன. இது 2020இல் வந்தது.

இங்கே நிதானம் வேண்டும். சிங்கப்பூர் ஆய்வு ஒரு காலகட்டத்தில் எடுத்த கணக்கு. காளானால் ஞாபகம் நன்றாக இருந்ததா, ஞாபகமும் உடம்பும் நன்றாக இருப்பவர்கள் தேடி வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்களா என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் தனி வாசல் இருப்பது, அடிபடும் உறுப்புகளில் சேர்வது, இரண்டு வேறு நாட்டு மக்களிடம் ஒரே திசையில் முடிவு வருவது, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது இந்தப் பொருளை நான் மதிக்கிறேன். என் வீட்டுச் சமையலில் வாரம் இரண்டு நாள் காளான் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

பட்டனைவிடச் சிப்பிக் காளானிலும் ஷிடாகேயிலும் எர்கோதயோனின் சில மடங்கு அதிகம். ஷிடாகே நம் பக்கம் விலை ஜாஸ்தி. சிப்பி நம் ஊர் வைக்கோலில் வளர்கிறது, விலையும் கட்டுப்படியாகும். இன்னொன்று, இது சூட்டைத் தாங்கும், ஆனால் தண்ணீரில் கரையும். காளானை வேக வைத்துத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீர் குழம்பிலோ சூப்பிலோ போகட்டும்.

இப்போது வெயில்.

ரத்தப் பரிசோதனை எடுத்த வீடுகளில் வைட்டமின் டி குறைவு என்று வராத ஆளை இப்போது பார்ப்பதே கஷ்டமாக இருக்கிறது. இத்தனை வெயில் இருக்கும் ஊரில் இது எப்படி என்று கேட்பார்கள். காலையில் குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடி, ஆபீஸில் ஏசிக்குள் இருந்துவிட்டு, இருட்டினதும் திரும்பினால் வெயில் எங்கே படும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், அதாவது 15 மைக்ரோகிராம் என்று பரிந்துரைக்கிறது. சைவ உணவில் டி கிடைக்கும் இடம் அநேகமாக இல்லை. காளான் மட்டும் விதிவிலக்கு, அதுவும் ஒரு நிபந்தனையோடு.

காளானின் அணுச் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். நம் தோலில் நடப்பதும் இதே மாதிரி ஒரு மாற்றம்தான். இருட்டு அறையில் வளர்ந்து ஃப்ரிட்ஜில் உட்கார்ந்து வரும் காளானில் எர்கோஸ்டெரால் நிறைய இருக்கும், டி மிகக் கொஞ்சமாக இருக்கும். வெயில் மட்டும்தான் பாக்கி. உச்சி வேளையில் கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை வெயிலில் வைத்த காளானில் நூறு கிராமுக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் டி2 உண்டாவது வழக்கம் என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அறுத்த பிறகும், கடையிலிருந்து வாங்கி வந்த பிறகும் இது நடக்கும். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

நான் செய்வது இதுதான். மொட்டை மாடியில் பதினொரு மணி வாக்கில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வைக்கிறேன். பட்டன் என்றால் துண்டு போட்டு, சிப்பி என்றால் ஒவ்வொரு இதழாகப் பிரித்துத் திருப்பிப் போட்டு, குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் வானத்தைப் பார்க்கும்படி பரப்புகிறேன். மடிப்புப் பக்கம் பரப்பு அதிகம், வெயில் நன்றாகப் பிடிக்கும். காக்காய்க்காக மேலே வடாம் காயப் போடும் வலை. அரை மணி நேரத்தில் ஓரங்கள் லேசாகச் சுருங்கி, பட்டன் துண்டுகளின் வெட்டு முகம் பழுப்பாகத் தொடங்கும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. பால் காளானின் தடித்த காம்பைத் தட்டையாகச் சீவினால் அதுவும் வெயிலை வாங்கும். எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்விடலாம், அல்லது ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு நாளுக்குள் சமைத்துவிடலாம். சமைத்தாலும் பெரும்பகுதி தங்கும்.

ஜன்னல் ஓரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பயன் இல்லை. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்திலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். டி2வை விட மாத்திரையில் வரும் டி3 ரத்த அளவை நன்றாக ஏற்றும். டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் காளானைக் காட்டி அதை நிறுத்தக் கூடாது. ஆனால் மாத்திரை தேவைப்படும் நிலைக்குப் போகாத வீட்டில், தினசரித் தேவையின் கணிசமான பங்கு ஒரு தாம்பாளத்திலிருந்து செலவில்லாமல் கிடைக்கிறது.

கொலஸ்ட்ரால், சுகர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொலஸ்ட்ரால் மாத்திரைகளான ஸ்டாட்டின்களின் தொடக்கமே பூஞ்சைதான். ஜப்பானில் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதலாவதைக் கண்டெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாட்டின் சிப்பிக் காளானிலும் இருப்பதாக 1990களில் காட்டினார்கள். ஜெர்மனியில் ஒரு ஆய்வில் தினமும் 30 கிராம் காய்ந்த சிப்பிக் காளான் சேர்த்த சூப்பை மூன்று வாரம் குடித்தவர்களுக்கு டிரைகிளிசரைடு குறைந்தது. காய்ந்த 30 கிராம் என்றால் பச்சையில் ஏறக்குறைய முந்நூறு கிராம், தினமும். பங்களாதேஷில் 89 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வாரம் சிப்பிக் காளான் கொடுத்து, ஒரு வாரம் நிறுத்தி, மறுபடி ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட வாரங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் இறங்கின. 2007இல் வந்த இந்த ஆய்வு நம்மைப் போல சோறு சாப்பிடும் மக்களிடம் நடந்தது என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் சிறிய ஆய்வு, குறுகிய காலம். சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் காளான் பொரியலை வைத்தால் சர்க்கரை ஏறாமல் இருப்பதில் வியப்பில்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை வைக்க முடியாது.

கடைசியாக அந்த வீடியோவில் பெரிய எழுத்தில் இருந்த வார்த்தை, கேன்சர்.

2021இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தினமும் 18 கிராம் காளான் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் 45 சதவீதம் குறைவாக இருந்தது என்ற முடிவு உலகம் முழுக்கச் செய்தியானது. வீடியோவில் சொன்னது இதைத்தான். வீடியோவில் சொல்லாதது, அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2019இல், அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவத் துறைப் பணியாளர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் காளானுக்கும் புற்றுநோய் அபாயத்துக்கும் சம்பந்தம் தெரியவில்லை என்பது. ஜப்பானில் 36,499 ஆண்களைப் பதின்மூன்று வருஷம் போலப் பின்தொடர்ந்ததில், வாரம் மூன்று முறையாவது சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் குறைவு. 45க்கும் பூஜ்யத்துக்கும் 17க்கும் நடுவில் உண்மை எங்கோ இருக்கிறது. நோய் வந்த பிறகு விசாரித்துத் தொகுத்த ஆய்வுகளில் பெரிய எண் வருவதும், ஆரோக்கியமானவர்களை முன்கூட்டியே சேர்த்துத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளில் அந்த எண் சுருங்குவதும் சாப்பாட்டு ஆராய்ச்சியில் அடிக்கடி நடக்கிறது. நான் இரண்டாவது வகைக்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

"ஜப்பானில் காளானையே கேன்சர் மருந்தாகக் கொடுக்கிறார்கள்" என்பதும் பாதி உண்மை. ஷிடாகேயிலிருந்து பிரித்த லென்டினானைப் பற்றி கோரோ சிஹாரா குழு 1969இல் எழுதியது. 1985இல் அங்கே வயிற்றுப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஊசி. கீமோதெரபியோடு சேர்த்து, டாக்டர் மேற்பார்வையில். சாப்பிட்டால் அதே வேலை நடக்காது என்பதால்தான் ஊசியாகச் செய்தார்கள். காபித் தூளில் கலந்து விற்பவருக்கு இதைச் சொல்ல மனம் வராது. வாங்குபவர் பயத்தில் இருக்கும் குடும்பம், அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றுச் செய்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், இவர்கள் எல்லாம் காளான் சாறு, காப்ஸ்யூல், ரெய்ஷி என்ற காளானின் பவுடர் எதையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியத்துக்காக, யூரிக் அமிலம் அதிகம் என்றால் பியூரினுக்காக, சாதாரணக் காளானின் அளவைக்கூடக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. ஷிடாகேக்கு ஜப்பான் இருக்கிறது, சிங்கப்பூர் பெரியவர்களுக்கு அவர்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பால் காளானைப் பற்றிய ஆய்வுகளைத் தேடினால் பெரும்பாலும் சோதனைக் குழாயும் எலியும்தான். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தில் பூஞ்சை ஆராய்ச்சிக்கு சதாசிவன், சி.வி. சுப்பிரமணியன் காலத்திலிருந்து பெயர் உண்டு. தென்னிந்தியக் காளான்களை நடராஜன் அங்கிருந்துதான் பட்டியல் போட்டார். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வாரம் முந்நூறு கிராம் பால் காளானை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்க்க இவர்கள் கை கோத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! யாராவது செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மழைக்காலம் வருவதால் இதையும் சொல்லியே ஆக வேண்டும். செம்பாக்கம் ஏரிக்கரை, சிட்லபாக்கம் ஏரி ஓரம், காலி மனைகளில் மழைக்கு அப்புறம் வெள்ளைக் குடைகள் வரிசையாக நிற்கும். ஊர்ப்பக்கம் புற்றுக் காளான் பறித்துப் பழகியவர்கள் ஆசையாகப் பார்ப்பார்கள். தயவுசெய்து பறிக்காதீர்கள். புல்வெளியில் பெரிதாக, வெள்ளைத் தலையில் பழுப்புச் செதில்களோடு வரும் ஒரு வகையின் மடிப்புகள் முற்றும்போது பச்சையாக மாறும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைச் சாய்த்துவிடும். இன்னும் மோசமான வகைகளில் அரை நாள் கழித்துத்தான் உபாதை ஆரம்பிக்கும், நடுவில் சரியானது போல இருக்கும், பிறகு கல்லீரல் போகும். மஞ்சள் போட்டு நிறம் மாறுகிறதா பார்ப்பது, வெள்ளி ஸ்பூன் போடுவது, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பது, எதுவும் நம்பத்தக்கதில்லை. நல்ல வகையாகவே இருந்தாலும் குப்பை கொட்டிய மண்ணிலிருந்து ஈயமும் காட்மியமும் உறிஞ்சிக்கொள்ளும் குணம் காளானுக்கு உண்டு.

சமையலுக்கு வருகிறேன். எந்தக் காளானையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். பட்டன் காளானில் அகாரிட்டின் என்று ஒரு வேண்டாத பொருள் இருக்கிறது, வேக வைத்தால் குறையும். சரியாக வேகாத ஷிடாகே சிலருக்குச் சாட்டையால் அடித்த தடம் போலத் தோலில் வரி வரியாகத் தடிப்பு உண்டாக்கும். சுவர் கடினமானது என்பதால் வேகாமல் சாப்பிட்டால் ஜீரணமும் ஆகாது.

கழுவும்போது ஊற வைக்காமல் குழாயில் காட்டி எடுத்து விடுங்கள். வாணலியில் நல்லெண்ணெய், சீரகம், தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. காளானைப் போட்டதும் உப்பு. ஐந்தே நிமிஷத்தில் அது தண்ணீர் விட்டு மிதக்கும். மூடாமல் நடுத்தரத் தீயில் அந்தத் தண்ணீர் அத்தனையும் அதிலேயே சுண்டட்டும். காளான் முதலில் சுருங்கி, பிறகு ஓரம் பொன்னிறமாகி, வாணலியில் சர்ரென்று சத்தம் மாறும். அப்போதுதான் புதிதாகப் பொடித்த மிளகு. பால் காளானுக்கு இன்னும் பத்து நிமிஷம் கூட வேண்டும், காம்பு கெட்டி. மாலையில் வாங்கும் மஷ்ரூம் 65லும் காளான்தான் இருக்கிறது, ஆனால் சோள மாவும் எண்ணெயும்தான் அதில் அதிகம்.

வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. கிண்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் நகரத்து ஆட்களுக்குக் காளான் வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறது. சிப்பிக்கு ஒரு நிழலான அறை, வேக வைத்த வைக்கோல், நம்பகமான இடத்து வித்து, தினமும் தண்ணீர் தெளிக்கப் பொறுமை போதும். பால் காளானுக்கு மேலே ஒரு மண் போர்வையும் வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. சிப்பிக் காளான் முற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் அறை முழுக்கப் பறக்கும், தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் வளர்ப்பு அறைக்குள் போக வேண்டாம். மற்றவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு, குடையின் ஓரம் மேலே சுருளத் தொடங்கும் முன்னாலேயே அறுத்துவிடுங்கள். ருசியும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.